டிராக் பந்தயத்துக்குக் காரின் சஸ்பென்ஷனைச் சரிசெய்தல்

டிராக் பந்தயம் என்பது, நின்ற நிலையிலிருந்து புறப்படும் இரண்டு வாகனங்கள் ஒரு நேர்கோட்டுத் தொலைவை எவ்வளவு குறைந்த நேரத்தில் கடக்கின்றன என்பதை அளக்கும் பந்தயமாகும். வழக்கமான தொலைவு கால் மைல், அதாவது 402 மீட்டர். இதில் வளைவுகள் கிடையாது. எனவே சஸ்பென்ஷன் எனப்படும் தொங்கல் அமைப்புக்கு இங்கு வேலை இல்லை என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை வேறு. என்ஜின் தரும் விசை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான் தரையைச் சேர்கிறது. புறப்படும் அந்த ஓரிரு விநாடிகளில் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு சுமை நிற்கிறது என்பதே பந்தயத்தின் பாதியைத் தீர்மானிக்கிறது. உயரம், விறைப்பு, தணிப்பு ஆகியவற்றைக் கையால் மாற்றக்கூடிய சஸ்பென்ஷனை இந்தத் தேவைக்கு ஏற்ப அமைப்பது எப்படி, அதனால் கிடைப்பது எவ்வளவு, கிடைக்காதது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையும் நேர்கோட்டு வேகமும்

சென்னையின் மோட்டார் பந்தய வரலாறு ஒரு விமான ஓடுதளத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த சோழவரம் ஓடுதளம் நகருக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி உள்ளது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் அக்கிளப் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு பந்தயத் தடத்தை அமைத்தது. 1990-இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் முழுச் சுற்று 3.717 கி.மீ. நீளமுடையது. இப்போது அது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படுகிறது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயச் சாம்பியன்ஷிப் போட்டிகள் இத்தடத்தின் நேர்ப்பாதையில் நடந்துள்ளன. கார்களுக்கான நேர்கோட்டு ஓட்டங்களில், மகாராஷ்டிராவின் ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் நடைபெறும் வேலி ரன் நாடறிந்தது.

தாம்பரமும் அதைச் சுற்றிய தென்புறநகரங்களும் இந்த உலகத்துக்கு மிக அருகில் இருப்பவை. வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். ஹூண்டாய் தொழிற்சாலை அங்கேயே உள்ளது. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கூட்டணி அமைத்த தொழிற்சாலையும் வாகனச் சோதனைத் தடங்கள் கொண்ட ஆராய்ச்சி மையமும் உள்ளன. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. கல்லூரி, தொடக்கம் முதலே ஆட்டோமொபைல் பொறியியல் கற்பித்து வருகிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் 75 மீட்டர் முடுக்கச் சோதனை ஒரு தனிப் பிரிவாகும். அதுவும் ஒரு சிறிய டிராக் ஓட்டமே.

இதே சாலைகளில் இன்னொரு பக்கமும் உண்டு. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, தாம்பரம் – மதுரவாயல் புறவழிச்சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகியவற்றில் நள்ளிரவில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயங்களும் அவற்றால் நேரும் விபத்துகளும் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. இக்கட்டுரையில் கூறப்படும் அமைப்புகள் அனைத்தும் மூடிய தடத்துக்கு உரியவை. அதற்கான காரணங்கள் இறுதிப் பகுதியில் தரப்பட்டுள்ளன.

சுமை நகர்வு

கார் முன்னோக்கி முடுக்கம் பெறும்போது மூக்குப் பகுதி மேலெழும்புகிறது, பின்பகுதி அமிழ்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்கும் பயணி பின்னோக்கிச் சாய்வது போன்றதே இது. முன்சக்கரங்களின் மீதிருந்த சுமையில் ஒரு பகுதி பின்சக்கரங்களுக்கு நகர்கிறது. அதன் அளவைத் தரும் சூத்திரம் எளியது:

சுமை நகர்வு = காரின் எடை × முடுக்கம் × ஈர்ப்பு மையத்தின் உயரம் ÷ வீல்பேஸ்

இங்கு முடுக்கம் என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் பின்னமாக, அதாவது ‘ஜி’ அளவில் குறிக்கப்படுகிறது. வீல்பேஸ் என்பது முன், பின் அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரம். ஓட்டுநருடன் 1000 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் உள்ளது, வீல்பேஸ் 2.5 மீட்டர். அது 0.5 ஜி முடுக்கத்தில் கிளம்பினால், 1000 × 0.5 × 0.5 ÷ 2.5 = 100 கிலோ சுமை முன்னிருந்து பின்னுக்கு நகரும்.

இச்சூத்திரத்தில் ஸ்பிரிங்கின் விறைப்போ ஷாக் அப்சார்பரின் இறுக்கமோ இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமாகும். ஒவ்வொரு சக்கரத்திலும் மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்பு இருந்தால், மேற்கண்ட 100 கிலோ நகர்வில் முன்பக்கம் 25 மி.மீ. எழும்பும், பின்பக்கம் 25 மி.மீ. அமிழும். விறைப்பை 4 கிலோவாக இரட்டித்தால் எழும்புவதும் அமிழ்வதும் 12.5 மி.மீ. ஆகக் குறையும். ஆனால் நகரும் சுமை அதே 100 கிலோதான். கார் சாயாமல் நிற்பதைப் பார்த்து, சுமையும் நகரவில்லை என்று முடிவு செய்வது பிழையாகும்.

அப்படியானால் சஸ்பென்ஷன் எதை மாற்றுகிறது? மூன்று விஷயங்களை. முதலாவது, சுமை நகர எடுத்துக்கொள்ளும் நேரம். இரண்டாவது, நகர்ந்தபின் கார் மேலும் கீழும் ஊசலாடுகிறதா அல்லது நிலையாக நிற்கிறதா என்பது. மூன்றாவது, அந்த நேரத்தில் டயர் தரையில் படியும் கோணம். டிராக் பந்தயத்தில் முதல் 18 மீட்டரைக் கடக்கும் நேரம் தனியாக அளக்கப்படுகிறது. அமெரிக்க மரபில் இது 60 அடி நேரம். சாலை டயர் கொண்ட சாதாரண காருக்கு இது இரண்டரை விநாடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அதற்குள் அரை விநாடி நேரம் கார் ஊசலாடினால் அந்த இழப்பைப் பின்னர் ஈடுகட்ட முடியாது.

எந்த மாற்றம் எவ்வளவு தரும்

பணத்தைச் செலவிடும் முன் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மேற்சொன்ன 1000 கிலோ காரில் 60 விழுக்காடு எடை முன்னச்சில் உள்ளதாகவும், அது முன்சக்கர இயக்கக் கார் எனவும் கொள்வோம். டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.9. சக்கரம் வழுக்காமல் பெறக்கூடிய மிகை முடுக்கம் 0.458 ஜி என வரும். இனி ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே செய்து பார்க்கலாம்.

காரை 30 மி.மீ. தாழ்த்தினால் ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.47 மீட்டர் ஆகும். மிகை முடுக்கம் 0.462 ஜி. ஆதாயம் ஏறத்தாழ 1 விழுக்காடு.

பின்னச்சின் மேலிருந்து 40 கிலோ எடையை நீக்கினால் (ஸ்டெப்னி, ஜாக்கி, பின்னிருக்கை, டிக்கியில் கிடக்கும் பொருள்கள்) மிகை முடுக்கம் 0.477 ஜி. ஆதாயம் ஏறத்தாழ 4 விழுக்காடு.

உராய்வுக் கெழு 1.0 தரும் நல்ல டயரைப் பொருத்தினால் மிகை முடுக்கம் 0.5 ஜி. ஆதாயம் 9 விழுக்காடு.

காரைத் தாழ்த்துவதற்காக மட்டும் விலையுயர்ந்த சஸ்பென்ஷன் வாங்குபவர், டயரில் கிடைக்கும் ஆதாயத்தில் ஒன்பதில் ஒரு பங்கையே பெறுகிறார் என்பது இதிலிருந்து தெளிவாகும். முதலில் டயர், அடுத்து தேவையற்ற எடை, அதன்பின் சஸ்பென்ஷன் என்பதே சரியான வரிசை.

இதே காரைப் பின்சக்கர இயக்கமாக எண்ணிப் பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். உராய்வுக் கெழு 0.9 உள்ளபோது அதன் மிகை முடுக்கம் 0.439 ஜி, அதாவது முன்சக்கர இயக்கத்தை விடச் சற்றுக் குறைவு. ஆனால் பந்தய டயர் பொருத்தி உராய்வுக் கெழு 1.3 ஆனால், முன்சக்கர இயக்கம் 0.619 ஜி-யும் பின்சக்கர இயக்கம் 0.703 ஜி-யும் பெறும். பிடிமானம் கூடக்கூடச் சுமை நகர்வு பின்சக்கர இயக்கத்துக்குத் துணையாகவும் முன்சக்கர இயக்கத்துக்குத் தடையாகவும் அமைகிறது. தொழில்முறை டிராக் கார்கள் பெரும்பாலும் பின்சக்கர இயக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

மாற்றியமைக்கக்கூடிய பாகங்கள்

காயில்ஓவர்: ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டப்பட்டு, அதன்மேல் ஸ்பிரிங் தட்டு திருகி நகரும்படி அமைந்த தொகுப்பு. தட்டைக் கீழிறக்கினால் கார் தாழும். சாதாரண ஸ்பிரிங்கில் தட்டை மேலேற்றுவது ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதில்லை. காரை உயர்த்துவது மட்டுமே நடக்கிறது. விறைப்பு வேண்டுமெனில் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். சில வகைகளில் அடிப்பகுதித் தாங்கியும் தனியே திருகி நகரும். அவற்றில் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே உயரத்தை மாற்றலாம்.

பம்ப், ரீபவுண்ட்: ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது தரும் எதிர்ப்பு பம்ப், விரியும்போது தரும் எதிர்ப்பு ரீபவுண்ட். ஒற்றைத் திருகு உள்ளவற்றில் பெரும்பாலும் ரீபவுண்ட் மட்டும் மாறும். அல்லது இரண்டும் சேர்ந்து மாறும். இரட்டைத் திருகு உள்ளவற்றில் இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். திருகும்போது கேட்கும் ‘கிளிக்’ ஒலியே அளவுகோல். முழுவதும் இறுக்கி, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்தியிருக்கிறோம் என்று எண்ணுவது வழக்கம்.

பம்ப் ஸ்டாப்: சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது முட்டும் ரப்பர். அதிகம் தாழ்த்திய காரில் ஸ்பிரிங் வேலை செய்யும் முன்பே இதில் முட்டிவிடும். அப்போது சக்கரம் துள்ளும்.

புஷ், என்ஜின் மவுன்ட்: லோயர் ஆர்ம் முனைகளிலும் என்ஜின் தாங்கிகளிலும் உள்ள ரப்பர்கள். இவை தேய்ந்திருந்தால் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் பயன் தராது.

முன்சக்கர இயக்கக் கார்

ஸ்விஃப்ட், போலோ, சிட்டி, ஐ20 என இந்தியச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் கார்கள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. தென்புறநகர்ப் பணிமனைகளுக்கு வேகத்துக்காக வருபவற்றிலும் இவையே மிகுதி. இவற்றில் இழுக்கும் சக்கரத்திலிருந்தே சுமை விலகிச் செல்வதால், நோக்கம் மூன்று: பின்பக்கம் அமிழ்வதைக் குறைத்தல், மூக்கு எழும்பும் அளவைக் கட்டுப்படுத்தல், முன்சக்கரம் துள்ளாமல் பார்த்துக்கொள்ளல்.

பின்பக்கத்தில் விறைப்பான ஸ்பிரிங் பொருத்தி, பம்ப் அளவை இறுக்கமாக வைக்க வேண்டும். பின்பக்க உயரம் முன்பக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஈர்ப்பு மையத்தின் மொத்த உயரம் கூடாதபடி, பின்பக்கத்தை உயர்த்துவதற்குப் பதில் முன்பக்கத்தைத் தாழ்த்துவது பொருத்தமானது.

முன்பக்க ரீபவுண்ட் பற்றி இரு வேறு கருத்துகள் உண்டு. அதை இறுக்கினால் மூக்கு மெதுவாக எழும்பும். கேம்பர் கோணமும் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் அதிகம் மாறா. ஆனால் அது டயரின் மீதுள்ள சுமையைக் கூட்டுவதில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால், உடல் எழும்பும்போது சக்கரத்தையும் சேர்த்து மேலே இழுத்துப் பிடிமானத்தைக் குறைக்கும். தளர்வாக விட்டால் சுமை நகர்வு ஒரு கணம் தாமதப்படும். ஆனால் அதன்பின் மூக்கு ஊசலாடும். எனவே நடு அளவில் தொடங்கி, இரண்டிரண்டு கிளிக்காக இறுக்கிச் செல்ல வேண்டும். சக்கரம் துள்ளத் தொடங்கும் இடத்தில் நின்று இரண்டு கிளிக் பின்வாங்க வேண்டும். எது சரி என்பதை 18 மீட்டர் நேரம் சொல்லும்.

புறப்படும்போது ‘டக டக’வென்ற அதிர்வுடன் முன்சக்கரம் துள்ளினால் உடனே ஆக்சிலரேட்டரை விட வேண்டும். டயர் வழுக்கி, பிடித்து, மீண்டும் வழுக்குவதால் இத்துள்ளல் ஏற்படுகிறது. டிரைவ் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் உடைவது பெரும்பாலும் இவ்வேளையில்தான். புஷ், என்ஜின் மவுன்ட் ஆகியவற்றைப் புதுப்பிப்பதே முதல் மருந்து. ஷாக் அப்சார்பரைத் தொடுவது அதன்பின்.

பின்சக்கர இயக்கக் கார்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவை பின்சக்கர இயக்கமும் லீஃப் ஸ்பிரிங்கில் அமர்ந்த பின்னச்சும் கொண்டவை. இவ்வகையில் சுமை நகர்வு நண்பனே. முன்பக்க ரீபவுண்டைத் தளர்த்தினால் மூக்கு தடையின்றி எழும்பும். பின்பக்கப் பம்ப் நடு அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தால் சுமை விரைவாக டயரைச் சேரும். ஆனால் முன்பக்கம் மிகத் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் மூக்கு விழுந்து எழும். பின்டயர் அந்தந்தக் கணத்தில் பிடி இழக்கும்.

லீஃப் ஸ்பிரிங் கொண்ட வண்டிகளில், அச்சு தன்னையே சுழற்றிக்கொள்ள முயல்வதால் பட்டைகள் எஸ் வடிவில் முறுக்கப்படும். விசை விட்டதும் அவை திரும்பி அடிக்கும். இதுவே பின்சக்கரத் துள்ளல். அச்சிலிருந்து சட்டகத்துக்குச் செல்லும் தடிமனான இரும்புக் கட்டையைப் பொருத்தி இம்முறுக்கலைத் தடுப்பது பழைய, மலிவான வழி.

இன்னொரு சிக்கல் இடவலச் சமமின்மை. ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு விசை, பெரும்பாலான வண்டிகளில் பின் வலச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க முயல்கிறது. அதனால் வலச் சக்கரம் மட்டும் வழுக்கிப் புகை கிளப்பும். பின் வல ஸ்பிரிங்கில் சிறிது கூடுதல் முன்னழுத்தம் கொடுப்பது இதற்குரிய தீர்வு. நான்கு சக்கரங்களையும் தனித்தனி எடைத்தட்டில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நிலையில் இதைச் செய்ய வேண்டும்.

அலைன்மென்ட்டும் காற்றழுத்தமும்

உயரத்தை மாற்றினால் கேம்பர், டோ இரண்டும் மாறிவிடும். எனவே உயரத்தை முடிவு செய்தபின்பே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம். வளைவுகளுக்கு உட்சாய்வு உதவும். நேர்கோட்டுப் பந்தயத்தில் இழுக்கும் டயர் முழு அகலத்திலும் படிய வேண்டும் என்பதால், புறப்படும் நேரத்தில் கேம்பர் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது. முன்சக்கர இயக்கத்தில் விசை ஏறும்போது முன்சக்கரங்கள் உட்பக்கம் திரும்ப முயலும். ஆகவே நிற்கும்போது மிகச் சிறிதளவு வெளித்திருப்பம் வைப்பதுண்டு. பின்சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்கள் தள்ளப்படுவதால், அங்கு சிறிதளவு உட்திருப்பம் பொருந்தும்.

இழுக்கும் டயரில் காற்றைச் சற்றுக் குறைப்பது தரையில் படியும் பரப்பைக் கூட்டும். மற்ற இரு டயர்களில், டயர் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள மேல்வரம்புக்குள் கூட்டினால் உருளும் தடை குறையும். குறைத்த காற்றுடன் நெடுஞ்சாலையில் செல்வது டயர் சூடேறி வெடிக்கக் காரணமாகும். தடத்தைவிட்டு வெளியேறும் முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும்.

சோதிக்கும் முறை

சஸ்பென்ஷன் அமைப்பில் உள்ளுணர்வு பெரும்பாலும் ஏமாற்றும். மூக்கு உயரத் தூக்கிப் பாயும் கார் வேகமாகச் செல்வது போலவே தோன்றும். கடிகாரம் மட்டுமே நடுநிலையானது. நடைமுறையில் பயன்படும் ஒழுங்கு வருமாறு:

1. அடிப்படை அமைப்பில் குறைந்தது மூன்று ஓட்டங்கள் ஓட்டி 18 மீட்டர் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டால் சிக்கல் ஓட்டுநரின் கிளட்ச்சில் உள்ளது. ஷாக் அப்சார்பரில் இல்லை.

2. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். ரீபவுண்டையும் காற்றழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

3. ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேக்கை இறுக்கமாகக் கட்டிவிட்டால், அது எதுவரை தள்ளப்பட்டுள்ளது என்பதிலிருந்து சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என அறியலாம்.

4. பக்கவாட்டிலிருந்து கைப்பேசியின் மெதுவோட்ட வசதியில் படம் பிடித்தால், மூக்கு எழும்பும் வேகமும் சக்கரத் துள்ளலும் கண்ணுக்குத் தெரியும்.

5. தடத்தின் வெப்பம், நேரம், காற்றழுத்தம், கிளிக் எண்ணிக்கை அனைத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். சென்னை வெயிலில் காலை எட்டு மணித் தடமும் பிற்பகல் இரண்டு மணித் தடமும் ஒன்றல்ல.

6. நாளின் இறுதியில் அடிப்படை அமைப்புக்குத் திரும்பி மீண்டும் ஓர் ஓட்டம் ஓட்ட வேண்டும். நேரம் குறைந்ததற்குக் காரணம் நம் மாற்றமா, தடம் சூடேறியதா என்பதை அது காட்டிவிடும்.

இருசக்கர வாகனங்கள்

இருங்காட்டுக்கோட்டையின் டிராக் போட்டிகளில் மோட்டார் சைக்கிள்களே முதன்மையானவை. அங்கும் இதே சூத்திரமே செல்லும். ஆனால் எல்லை வேறு. முன்சக்கரம் தரையைவிட்டு எழும் கணமே பைக்கின் முடுக்க எல்லை. ஓட்டுநருடன் சேர்ந்த ஈர்ப்பு மையம் பின்சக்கரத்துக்கு 0.7 மீட்டர் முன்னாலும் தரையிலிருந்து 0.65 மீட்டர் உயரத்திலும் இருந்தால், அந்த எல்லை 0.7 ÷ 0.65, அதாவது ஏறத்தாழ 1.08 ஜி. உயரத்தை 0.55 மீட்டராகத் தாழ்த்தி, ஸ்விங்ஆர்மை நீட்டி முன்தூரத்தை 0.85 மீட்டர் ஆக்கினால், எல்லை 1.55 ஜி-யாக உயரும். டிராக் பைக்குகள் நீண்டும் தாழ்ந்தும் காட்சியளிப்பது அழகுக்காக அல்ல.

சாலையும் சட்டமும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ இசைவின்றிப் பொதுவிடத்தில் வேகப் பந்தயம் நடத்துவதையும் அதில் பங்கேற்பதையும் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி செய்யும் மாற்றங்களைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

சட்டத்தைத் தவிர இயற்பியலும் எச்சரிக்கிறது. டிராக் அமைப்பு என்பது நேராகச் செல்வதற்கு மட்டுமே ஆன அமைப்பு. முன்சக்கர இயக்கக் காரில் பின்பக்கத்தை விறைப்பாக்கி, பின்டயரில் காற்றைக் கூட்டிவிட்டால், திடீரென ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முதலில் வழுக்குவது பின்பக்கமாக இருக்கும். பந்தயத் தடத்தில் குறுக்கே யாரும் வருவதில்லை. வெளிவட்டச் சாலையில் மாடு வரும், எதிர்த்திசையில் பைக் வரும், விளக்கில்லாத டிராக்டர் நிற்கும். விலகித் திரும்ப வேண்டிய அந்தக் கணத்தில், முந்தைய நாள் இறுக்கிய நான்கு கிளிக் உயிரைக் கேட்கக்கூடும்.

தாழ்த்திய காருக்கு வேகத்தடைகளும் பகை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டலின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் வளைவு ஆரமும் கொண்டதாக இருக்க வேண்டும். அத்தகைய தடையில் 2.5 மீட்டர் வீல்பேஸ் கொண்ட காரின் நடுப்பகுதி ஏறத்தாழ 46 மி.மீ. இடைவெளியையே இழக்கும். ஆனால் தெருக்களில் உள்ள குறுகிய மேடுகள் தம் முழு உயரத்தையும் கேட்கும். 165 மி.மீ. தரை இடைவெளி உள்ள காரை 50 மி.மீ. தாழ்த்தி, நான்கு பேரை ஏற்றினால், 10 செ.மீ. உயரக் குறுகிய மேட்டில் அடிப்பகுதி உரசுவது உறுதி. மழைக்காலத்தில் முடிச்சூர்ப் பகுதித் தெருக்களில் நீர் தேங்கும்போது, தாழ்ந்த காரின் காற்று உறிஞ்சும் குழாயும் நீருக்கு அருகில் வந்துவிடும்.

வீடு திரும்பும் முன்

ஓட்டிச் செல்லும் காரிலேயே பந்தயம் ஓட்டுபவர், தடத்திலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவை சில. ஷாக் அப்சார்பர் கிளிக்குகளைச் சாலை அளவுக்குத் திருப்ப வேண்டும். டயர் காற்றைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு நிரப்ப வேண்டும். காயில்ஓவர் பூட்டு வளையங்களும் சக்கர நட்டுகளும் இறுகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் கம்பியும் எங்கும் உரசவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். கழற்றி வைத்த பின்னிருக்கையையும் ஸ்டெப்னியையும் மீண்டும் பொருத்த வேண்டும். காருக்கு அடியில் செல்லும் எவரும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தே செல்ல வேண்டும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை உரிய கம்ப்ரெஸர் கருவியின்றிக் கழற்றக் கூடாது. அது விடுபட்டால் எலும்பை முறிக்கும் வேகத்தில் பாயும்.

இந்த வேலைகளுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்தே டிராக் சஸ்பென்ஷன் அமைப்பு என்று கொள்ள வேண்டும். தடத்தில் 402 மீட்டரை வேகமாகக் கடந்த கார், தாம்பரம் வரையிலான மீதித் தொலைவை ஒரு சாதாரணக் காராகவே கடக்க வேண்டும்.